மலைநகரத்தின் வரவும் செலவும்: கொடைக்கானல் சரித்திர ஆராய்ச்சி

மலைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் அழகையே எழுதுவர். குளிர்ந்த காற்றையும், வெண்முகிலையும், அருவியையும், சோலையையும் வருணித்து முடித்துவிடுவர். அம்மலைமேல் ஓர் ஊர் எவ்வாறு உண்டாயிற்று, அவ்வூரார் எதனை விற்று எதனை வாங்கிக் குடும்பம் நடத்துகின்றனர், எந்நாளில் ஒன்றுகூடுகின்றனர், எவ்விடுக்கண் நேர்ந்தபோது ஒருவரையொருவர் தாங்கினர் என்பவற்றை ஆராய்வோர் சிலரே. கடையும் கணக்கும் அறிந்த நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு இவ்வாராய்ச்சி பொழுதுபோக்காக மட்டும் அமையாது, பெரிதும் பயன்படுவதாகவும் இருக்குமென்று நம்புகின்றோம்.

இதனை இப்போது எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணமுண்டு. நம் வாலிபர்களிற் சிலர் மலைநகரங்களில் விடுதி கட்டலாமா, கடை வைக்கலாமா என்று நம்மிடம் யோசனை கேட்கின்றனர். முதல் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கேட்கின்றனரேயன்றி, அவ்வூரின் பழங்கணக்கு யாது என்று கேட்பாரைக் காணோம். பழைய பேரேட்டைப் புரட்டிப் பாராமல் ஒரு கடையை விலைக்கு வாங்குவோர் உண்டோ? ஊரும் அத்தகையதே. ஆதலின் நம் தமிழ்நாட்டு மலைநகரங்களுள் ஒன்றாகிய கொடைக்கானலின் பேரேட்டை ஈண்டுச் சிறிது புரட்டிப் பார்ப்போமாக.

பெயரும் பூர்வீகமும்

மேற்குத் தொடர் மலையினின்றும் கிழக்கு முகமாகப் பிரிந்து நிற்பது பழனிமலைத் தொடர். அதன் தென்பாகத்தில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது கொடைக்கானல். முன்னர் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த இவ்வூர் 1985-ம் வருஷம் முதல் திண்டுக்கல் ஜில்லாவைச் சேர்ந்தது. ஊர்ப்பெயருக்குக் கொடிகள் அடர்ந்த காடு என்று பொருள் கூறுவோர் ஒருசாரார். கோடைக்குரிய கானகம் என்பார் மற்றொருசாரார். புறநானூற்றில் கோடைமலைக்குத் தலைவனாகிய கடியநெடுவேட்டுவன் என்பவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடியிருக்கின்றார். அக்கோடைமலை இம்மலையே என்பது அறிஞர் பலரின் கருத்து.

மலையின் வடவடிவாரத்திலுள்ள பழனி, சங்ககாலத்திற் பொதினி எனப்பெற்று ஆவியர் குடியினர்க்கு உரியதாயிருந்தது. மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகன் இக்குடியினனே. மயிலுக்குக் குளிருமென்று அவன் எண்ணியது பேதைமையன்று; மலைக்குளிரை அறிந்தவன் மனத்திலேயே அவ்வெண்ணம் தோன்றும்.

இம்மலையில் வாணிபமும் வெள்ளைக்காரர் வருகையோடு தொடங்கியதன்று. கீழ்ப்பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த அகழாய்வில் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்களும், அவற்றினுள் சூதுபவள மணிகளும் கிடைத்தன. சூதுபவளம் அம்மலையில் எடுக்கப்படும் பொருளன்று. தொலைவிலிருந்து வணிகர் கைமாறி மலையேறி வந்திருத்தல் வேண்டும். மிளகும் தேனும் இறங்க, மணியும் உப்பும் துணியும் ஏற, மலைக்கும் சமவெளிக்கும் நெடுங்காலமாகவே பண்டமாற்று நிகழ்ந்துவந்தது. பளியரும், புலையரும், பின்னர்ச் சமவெளியினின்றும் வந்தேறிய குன்னுவரும் இம்மலையின் பழங்குடிகளாவர். ஆகவே, யாருமில்லாத காட்டில் அன்னியர் வந்து ஊர் கண்டனர் என்று சிலர் எழுதுவது பிழை. அவர்கள் கண்டது ஒரு புது நகரம். ஊர்களோ முன்னமே இருந்தன.

வெயிலுக்கு அஞ்சி வந்தோர்

1821-ம் வருஷத்தில் வார்டு என்னும் ஆங்கிலப் படைத்துறை அளவையாளர் இம்மலையை அளந்து குறிப்பெழுதினார். ஆயினும் நகரம் அமைந்ததற்கு மூலகாரணம் அளவையன்று, மரணமேயாம். யாழ்ப்பாணத்திற் பணிசெய்துவந்த அமெரிக்கப் பாதிரிமார் 1834-ம் வருஷத்தில் மதுரைக்கு வந்து தங்கள் சபையை நிறுவினர். மதுரையின் வெம்மையும், காலராவும், காய்ச்சலும் அவர்களையும் அவர்தம் மனைவி மக்களையும் ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுபோயின. சிறுமலையை முதலில் நாடினர். ஆங்கும் காய்ச்சல் விட்டபாடில்லை. பின்னரே இன்னும் உயர்ந்த பழனிமலையை நாடி, 1845-ம் வருஷத்தில் இரண்டு வீடுகளைக் கட்டி முடித்தனர். கொடைக்கானல் நகரத்தின் பிறந்த நாள் அதுவே.

பிறகு ஒவ்வொருவராக வந்தனர். 1852-ம் வருஷத்திற் பார்ட்ரிட்ஜ் என்னும் சேனாதிகாரி ஆஸ்திரேலிய நாட்டுத் தைலமரத்தையும் வேட்டில் மரத்தையும் கொணர்ந்து நட்டார். 1863-ம் வருஷத்தில் மதுரைக் கலெக்டராயிருந்த ஸர் வியர் லெவிஞ்ஜ் துரை, சதுப்பாய்க் கிடந்த பள்ளத்தாக்கில் கரையிட்டு நீரைத் தேக்கித் தம் சொந்தச் செலவில் ஓர் ஏரியை உண்டாக்கினார். தூத்துக்குடியிலிருந்து அதற்குப் படகும் வருவித்தார். இன்று வருவோரெல்லாம் முதலிற் காணும் நட்சத்திர வடிவான ஏரி இதுவே. 1899-ம் வருஷத்தில் ஊர் முனிசிபாலிடியாயிற்று. 1901-ம் வருஷத்துக் குடிக்கணக்கில் ஊரார் தொகை இரண்டாயிரத்திற்கும் குறைவு. 2011-ம் வருஷத்துக் கணக்கில் 36,501.

இக்காலத்திலேயே இரண்டு ஸ்தாபனங்கள் தோன்றின. ஒன்று, அமெரிக்கர் தம் பிள்ளைகளுக்காக 1901-ம் வருஷத்தில் தொடங்கிய பாடசாலை. அது பின்னாளிற் பல நாட்டுப் பிள்ளைகளும் பயிலும் சர்வதேசப் பள்ளியாக வளர்ந்தது. மற்றொன்று சூரிய ஆராய்ச்சி நிலையம். தாது வருஷப் பஞ்சத்தை நம் குடும்பங்களில் முதியோர் கதையாகச் சொல்லக் கேட்டிருப்போம். 1876-ம் வருஷந் தொடங்கிய அப்பஞ்சத்திற்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனிடத்துத் தோன்றும் மாறுதல்களுக்கும் தொடர்புண்டா என்று ஆராயும் எண்ணம் அரசினர்க்கு உண்டாயிற்று. முகில் குறைந்த உயர்ந்த இடமென்று கொடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பெற்றது. சென்னையிலிருந்த வானாராய்ச்சி நிலையத்தின் பணி 1899-ம் வருஷத்தில் இங்கு மாற்றப்பட்டது. 1909-ம் வருஷத்தில் எவர்ஷெட் என்பார் சூரியகளங்கத்தில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுவதை இங்கிருந்தே கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். சமவெளியின் பசி மலையுச்சியில் ஒரு விஞ்ஞானக் கூடத்தைக் கட்டிற்று என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

வழியும் சுமையும்

இனி வழியின் கதைக்கு வருவோம். வாணிபம் அறிந்தோர்க்கு ஊரின் சரித்திரமாவது வழியின் சரித்திரமேயன்றோ?

1875-ம் வருஷத்தில் இருப்புப்பாதை மதுரையை நோக்கி வந்தபோது, அம்மைநாயக்கனூரில் ஏற்பட்ட ரயில் நிலையம் கொடைக்கானல் ரோடு என்று பெயர் பெற்றது. பெயரைக் கண்டு அங்கே இறங்கியவுடன் மலை வந்துவிட்டதென்று மகிழ்ந்தோர் ஏமாந்திருப்பர். அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் பிரயாணஞ் செய்து, பெரியகுளத்துக்கு அப்பால் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடையவேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய 12 மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. நடக்கக் கூடியவர் நடப்பர், குதிரையுடையார் குதிரையேறுவர், ஏனையோரை நாற்காலியிலும் டோலியிலும் வைத்து ஆட்கள் தோளிற் சுமந்து செல்வர். அப்பாதைக்குக் கூலிப்பாதை என்றே பெயர் வழங்கிற்று.

மனிதர் மட்டுமோ? அரிசி, பருப்பு, உப்பு, மண்ணெண்ணெய், வீட்டுக்குக் கதவு, ஜன்னற் கண்ணாடி, கூரைத் தகடு ஆகிய எல்லாம் மனிதர் தலையிலும் தோளிலும் மாட்டின் முதுகிலுமே மலையேறின. ஏறக்குறைய எழுபது வருஷம் இந்நகரம் இவ்வாறு சுமக்கப்பட்டே வளர்ந்தது. ஏரி கண்ட துரைக்கு நினைவுச் சின்னம் உண்டு. பாதையிற் சுமந்தோர் பெயரை எக்கல்லிலும் காணோம். நாம் எழுதும் இக்கட்டுரையிலும் அவர்தம் பெயரைக் குறிக்க இயலாமை குறித்து வருந்துகின்றோம். ஆயினும் நகரத்தின் முதல் மூலதனம் அவர்தம் தோள்வலியே என்பதனைப் பேரேட்டின் முதற் பக்கத்தில் எழுதுதல் நம் கடமை.

1870-களில் லா என்னும் சேனாதிகாரி வண்டிப்பாதைக்கு அளவெடுத்தார். வேலை தொடங்கியும் நின்றும் பல்லாண்டு கழிந்து, 1914-ம் வருஷத்திலேயே வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலை முற்றுப்பெற்றது. இன்றும் அது லா துரையின் பெயராலேயே வழங்கப்பெறுகின்றது. மோட்டார் வண்டி ஏறத் தொடங்கியதும் நகரத்தின் நிலைமை மாறிற்று. முன்னர்ச் செல்வர்க்கும் பாதிரிமார்க்கும் உரியதாயிருந்த மலை, படிப்படியாக நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டுவதாயிற்று. வத்தலக்குண்டு மலையின் தலைவாசலாகி அதன் சந்தை பெருத்தது.

ஆனால் வழி மாறினால் ஒருவர்க்கு வரவு, மற்றொருவர்க்கு நஷ்டம். பழைய பாதைப் பக்கத்தில் வெள்ளகவி என்னும் மலையூர் உளது. வார்டு துரை அளவை செய்தபோது தங்கிய ஊர் அது. போவோரும் வருவோருமாய் இருந்த அவ்வழி, புதுச்சாலை வந்தபின் வெறிச்சோடிற்று. நகரத்தில் மோட்டார்கள் நெருங்கி நின்ற காலத்திலும், வெள்ளகவி மக்கள் நூறாண்டு கடந்தும் உப்புக்கும் மருந்துக்கும் பள்ளிக்கும் மலையில் நடந்தே சென்றுவந்தனர். நகரம் பிறப்பதற்கு முன்னிருந்த ஊருக்கு நகரத்தின் சாலை எட்டவில்லை. வழி திறக்கும்போது மாலை சூட்டிக் கொண்டாடும் நாம், அதனால் மூடப்படும் வழி யாது என்று கேட்பதேயில்லை.

ஸீஸன் வியாபாரம்

சித்திரை, வைகாசி மாதங்களே கொடைக்கானலுக்கு அறுவடைக் காலம். 1908-ம் வருஷத்தில் பிரையண்ட் என்னும் வன அதிகாரி அமைத்த பூங்காவில் மே மாதந்தோறும் மலர்க்கண்காட்சி நடைபெறும். அதனையொட்டிக் கோடைவிழாவும் உண்டு. விடுதிக்காரர், படகோட்டி, குதிரைக்காரர், வாடகைச் சைக்கிள் வைத்திருப்போர், கம்பளிச் சட்டை விற்போர், தைலம் விற்போர், வீட்டிற் செய்த சாக்லேட் விற்போர், சுட்ட சோளம் விற்கும் கிழவி ஆகிய அனைவர்க்கும் அவ்விரண்டு மாதமே வருஷம். புரட்டாசி, ஐப்பசியில் சிறிய ஸீஸன் ஒன்றுண்டு. மார்கழியில் விடுமுறைக்கு வருவோர் சிலர். ஏனைய நாட்களில் மழையும் பனியுமே கடைக்கு வரும் வாடிக்கைக்காரர்.

சில வருஷங்களுக்கு முன் ஆனி மாதத்து மழைநாளொன்றில், நாம் அங்குள்ள ஒரு சிறு கடையின் முன் ஒதுங்கி நின்றோம். கடைக்காரர் வயது முதிர்ந்தவர். வியாபாரம் எப்படி என்று கேட்டோம். "ஐயா, ரெண்டு மாசம் கை ஓயாது, பத்து மாசம் வாய் ஓயாது. வாங்கினவனுக்குப் பதில் சொல்லியே காலம் போகுது" என்றார். அதாவது, ஸீஸனுக்கு முன் கடன் வாங்கிச் சரக்குப் பிடிக்கவேண்டும். ஸீஸனில் விற்றதைக் கொண்டு கடனடைக்கவேண்டும். மிச்சத்தைக் கொண்டு மழைக்காலத்தைக் கழிக்கவேண்டும். ஸீஸன் ஒருமுறை தவறினால் வட்டியே முதலை விழுங்கிவிடும். நம் வாலிபர்கள் மே மாதத்துக் கூட்டத்தைப் பார்த்துக் கணக்கிடுகின்றனர். ஆனி மாதத்து மழையிலும் ஒருமுறை போய்ப் பார்த்துவருமாறு வேண்டுகின்றோம்.

ஸீஸன் தவறியதும் உண்டு. 2018-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் கஜா புயல் மலைமீது வீசியபோது மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, சாலைகள் அடைபட்டன. 2020-ம் வருஷத்திற் கொள்ளைநோய் காரணமாக ஊரடங்கு விதிக்கப்பெற்றதால் சித்திரையும் வைகாசியும் ஆளரவமின்றிக் கழிந்தன. ஏரியிற் படகு அசையவில்லை. குதிரைக்குக் கொள்ளு வாங்கவும் காசில்லை என்ற நிலை உண்டாயிற்று.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. கூட்டம் அளவு கடப்பதே அது. வார்டு துரை கண்டெழுதியதாகச் சொல்லப்படும் ஒரு பாறைப் பிலம், 1991-ம் வருஷத்தில் வெளிவந்த 'குணா' என்னும் படத்தால் குணா குகை என்று பெயர் பெற்றது. அப்பிலத்தில் 2006-ம் வருஷம் ஒரு வாலிபர் விழுந்து மீட்கப்பெற்ற நிகழ்ச்சியை வைத்து 2024-ம் வருஷத்தில் ஒரு மலையாளப் படம் வெளிவந்ததும், அதனைக் காண்பதற்கென்றே ஜனங்கள் திரண்டனர். வளைவுதோறும் மோட்டார்கள் நின்றன. நீரும், குப்பையும், வழியும் ஊரார்க்குப் பெருந்தொல்லையாயின. ஆகவே சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவுப்படி 2024-ம் வருஷம் மே மாதம் 7-ம் தேதி முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. 2025-ம் வருஷத்தில் கொடைக்கானலுக்கு நாளொன்றுக்குச் சாதாரண தினங்களில் 4,000 வாகனமும், வார இறுதியில் 6,000 வாகனமும் என்று வரம்பும் விதிக்கப்பெற்றது. வியாபாரிகள் இதனை எதிர்த்தனர். அவர்கள் வருத்தம் பொய்யன்று. ஆயினும் பாத்திரம் கொள்ளும் அளவே பால் கறக்கலாம் என்பதையும் வியாபாரியே முதலில் அறியவேண்டும்.

மலைப்பூண்டு இறங்கும் வழி

ஏறிவரும் கூட்டத்தை நம்பிய வாணிபம் இவ்வாறிருக்க, இறங்கிச்செல்லும் சரக்கை நம்பிய வாணிபம் ஒன்றும் இம்மலையில் உண்டு. அதனைப் பயணிகள் அறிவதில்லை. வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி முதலிய மேல்மலைக் கிராமங்களிற் படிக்கட்டுப் போன்ற வயல்களில் பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும், பீன்ஸும் விளைகின்றன. பேரிக்காயும் பிளம்ஸும் பருவந்தோறும் கிடைக்கும். கீழ்மலையில் காப்பியும், மிளகும், ஆரஞ்சும், மலைவாழையும் உண்டு.

இவற்றுள் தலையாயது மலைப்பூண்டு. வருஷத்தில் இருபோகமாகப் பயிரிடப்படுவது. அறுவடையானபின் தாளோடு கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் புகைமூட்டி வைப்பர். அதனால் நெடுநாள் கெடாது, விதைக்கும் ஆகும், மருந்துக்கும் ஆகும். இதன் காரத்தையும் மணத்தையும் அறிந்த நம் வீட்டுப் பெண்மணிகள் பிள்ளை பெற்றவளுக்கு மலைப்பூண்டே வேண்டுமென்று கேட்டு வாங்குவர். விளைவது மலையிலாயினும் விலை படிவது பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையிலேயாம். ஆங்கிருந்தே பல ஊர்களுக்கும் பரவுகின்றது. காய்கறி வத்தலக்குண்டுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இறங்கும்.

பெயரால் ஏமாற்றுவது வாணிபத்தில் பழைய நோய். வேற்றுநாட்டுப் பூண்டையும் மலைப்பூண்டென்று விற்றனர். 2019-ம் வருஷத்திற் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இம்மண்ணில் விளைந்ததற்கே இப்பெயர் உரியது என்று சட்டம் ஒப்பிற்று. இம்மலைத் தொடரின் விருப்பாட்சி மலைவாழைக்கு 2008-ம் வருஷத்திலேயே அவ்வுரிமை கிடைத்திருந்தது. ஆனால் அதற்கு முன்னரே முடிக்கொத்து நோய் மலைவாழைத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. பெயரைக் காக்கச் சட்டம் போதும். பயிரைக் காக்க உழவனும் விஞ்ஞானியும் வேண்டும்.

ஊர் ஒன்றுகூடும் நாட்கள்

வாணிபம் மனிதரை எதிரெதிரே நிறுத்தும். திருவிழா பக்கத்திற் பக்கமாக நிறுத்தும். கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இரண்டையும் ஒருங்கே செய்கின்றது. மேல்மலை உழவரும், நகரத்தாரும், சமவெளி வியாபாரிகளும் அங்கே கூடுவர். காய்கறி விலையோடு கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் அச்சந்தையிலேயே பரவும்.

பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் உளது. அங்குள்ள திருவுரு போகர் அமைத்த நவபாஷாணத்தாலானது என்பது ஐதிகம். தேர்த்திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமத்தார் அனைவரும் திரள்வர். நகரத்தில் ஆனந்தகிரி மாரியம்மன் கோயில் விழா ஊரார் பெருவிழாவாகும். 1866-ம் வருஷத்தில் எழுந்த சலேத் மாதா கோயிலுக்கு ஆகஸ்டு மாதத்துத் திருநாளில் மதவேறுபாடின்றி மக்கள் செல்வதை நாம் நேரிற் கண்டிருக்கின்றோம்.

குறிஞ்சியாண்டவர் கோயிலின் வரலாறு தனிச்சிறப்புடையது. யாழ்ப்பாணத்துத் தமிழர் தலைவராயிருந்த ஸர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியார் பிறப்பால் ஆஸ்திரேலியர். இந்து சமயத்தைத் தழுவி லீலாவதி என்று பெயர் பெற்றவர். அவ்வம்மையாரே 1936-ம் வருஷத்தில் இக்கோயிலை எழுப்பினார். நகரத்திற்கு வித்திட்ட பாதிரிமார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தனர். குறிஞ்சிநிலக் கடவுளுக்கு அங்கே கோயில் கண்ட அம்மையாரும் யாழ்ப்பாணத்துத் தொடர்புடையவர். கோயிலின் பெயருக்குக் காரணமான நீலக்குறிஞ்சி பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006-ம் வருஷத்திலும் 2018-ம் வருஷத்திலும் மலர்ந்தது. ஸீஸனை இரண்டு மாதமாக எண்ணும் வியாபாரிக்குப் பன்னிரண்டு வருஷத்தை எண்ணக் கற்பிக்கும் மலர் அது.

கல்வித்துறையிலும் ஒரு நற்செய்தி உண்டு. 1984-ம் வருஷத்தில் அன்னை தெரஸா மகளிர் பல்கலைக்கழகம் இம்மலையில் நிறுவப்பெற்றது. அன்னியர் பிள்ளைகளுக்கென்று பள்ளி தோன்றிய ஊரில், நம் பெண்மக்களுக்கென்று பல்கலைக்கழகமே தோன்றியது கண்டு மகிழ்ச்சியடைகின்றோம்.

பாதரசம் கற்பித்த பாடம்

இனி எழுதவேண்டியது பேரேட்டின் துயரப் பக்கம். ஸீஸனை மட்டும் நம்பி வாழும் ஊரில் பன்னிரண்டு மாதமும் சம்பளம் தரும் தொழிற்சாலை வருகிறதென்றால் யார்தான் வேண்டாமென்பர்? 1983-ம் வருஷத்திற் காய்ச்சல் அளக்கும் தெர்மாமீட்டர் தொழிற்சாலை கொடைக்கானலில் அமைந்தது. அதன் இயந்திரங்கள் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் என்னும் ஊரிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவை. பாண்ட்ஸ் கம்பெனியாரிடமிருந்து பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியார் வசமாயிற்று. செய்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் வெளிநாடுகளுக்கே சென்றன. மலைவாசிகளுக்கு நிலையான வேலை கிடைத்தது; கடைகளுக்கு நிலையான வாடிக்கை கிடைத்தது. இவ்வாறு பதினேழு வருஷத்துக்கு மேல் கழிந்தது.

2001-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், ஊரிலுள்ள மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழஞ்சாமான் கிடங்கில் உடைந்த தெர்மாமீட்டர்க் கண்ணாடிகள் பாதரசம் ஒட்டியபடியே குவிந்து கிடப்பதை ஊரார் கண்டனர். தொழிலாளரும், ஊர்ப் பொதுமக்களும், 1985-ம் வருஷத்தில் தோன்றிய பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தாரும், வேறு இயக்கத்தாரும் சேர்ந்து எழுந்தனர். அம்மாதத்திலேயே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ம் வருஷத்தில் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பியனுப்பப்பட்டது. பாம்பாற்றுச் சோலையின் பக்கத்தில் நின்ற அத்தொழிற்சாலை நிலத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தஞ் செய்யவேண்டும் என்னும் விவாதம் அதன் பின்னும் நீண்டது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்ற வரம்பை ஊரார் பலர் ஒப்பவில்லை. ஏனெனில் மலையின் நீர் சமவெளிக்கே இறங்குகின்றது.

தொழிலாளர் தங்கள் நோய்களுக்குப் பாதரசமே காரணமென்றனர். கம்பெனியார் தொழிலாளரின் உடல்நலத்திற்குத் தீங்கு நேரவில்லை என்றனர். பதினைந்து வருஷப் போராட்டத்திற்குப் பின், 2016-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் முன்னாள் தொழிலாளர் 591 பேரைக் குறித்துச் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்குள் அவர்களிற் பலர் முதுமையடைந்தனர், சிலர் காலமாயினர்.

இதனால் நாம் அறியவேண்டுவது யாது? தொழிற்சாலைகளே வேண்டாம் என்று நாம் கூறவரவில்லை. கைத்தொழிலின்றி நாடு அபிவிருத்தியடையாது. ஆனால் ஓர் ஊரிலிருந்து பெயர்த்து மற்றோர் ஊருக்குக் கொண்டுவரப்படும் தொழிலைக் கண்டால், அவ்வூர் அதனை ஏன் விட்டது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். சம்பளத்தை வரவில் எழுதிய ஊர், மண்ணையும் நீரையும் உடலையும் செலவில் எழுத மறந்தது. எழுதாத செலவு இல்லாமற் போய்விடுமோ? வட்டியோடு வந்து நின்றது. அதே பிழை காடுகளிலும் நேர்ந்தது. தோல் பதனிடப் பட்டை தரும் வேட்டில் மரத்தையும், விறகுக்கும் தைலத்துக்கும் உதவும் தைலமரத்தையும் லாபமென்று நட்டுப் புல்வெளிகளை மூடினர். மழைநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து மெல்ல விடுவது மலைப்புல்வெளியும் சோலையுமாம். அவை குறையவே ஊற்றுகள் வறண்டன. 2013-ம் வருஷத்தில் கொடைக்கானற் காடுகள் வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது காலந்தாழ்ந்த நன்மையேயாயினும் நன்மையே.

முடிவுரை

இத்துணையும் ஆராய்ந்ததனால் விளங்குவது இது. கொடைக்கானலுக்கு ஏறிவந்தவை பல: பாதிரிமார், துரைமார், மோட்டார், ஸீஸன், தொழிற்சாலை, சினிமாக் கூட்டம். ஒவ்வொன்றும் வந்தபோது ஊர் அதனையே தன் வாழ்வென்று நம்பிற்று. ஒவ்வொன்றும் குறைந்தபோதோ கெட்டபோதோ ஊரைத் தாங்கியவை வேறு: மேல்மலை உழவரின் பூண்டும் கிழங்கும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கோயிலிலும் மாதா திருநாளிலும் பழகிய பழக்கம், கழிவைக் கண்டவுடன் ஒன்றுசேர்ந்து வாய்திறந்த துணிவு. முன்னவை ஊருக்கு வரவு. பின்னவையே ஊரின் முதல்.

ஆகையால், மலையிற் கடைவைக்க விரும்பும் நம் வாலிபர்களுக்கு நாம் கூறும் யோசனை இதுவே. போங்கள், உழையுங்கள், நேர்மையான லாபம் சம்பாதியுங்கள். ஆனால் விடுதி கட்டுமுன் நீர் எங்கிருந்து வருமென்றும், கழிவு எங்கே போகுமென்றும் கேளுங்கள். மலைப்பூண்டு விற்பதாயின் மலைப்பூண்டையே விற்பீர்களாக. வேலைக்கு வைக்கும் மலைவாசிக்கு ஸீஸன் இல்லாத மாதங்களிலும் ஒருவேளைச் சோற்றுக்கு வழியுண்டா என்று பாருங்கள். வெள்ளகவியை ஒருமுறை நினையுங்கள். ஊர்ச்சந்தையிலும் ஊர்விழாவிலும் அன்னியராய் நில்லாமல் ஊராராய்க் கலந்துகொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு வந்துபோகும் வியாபாரியை எந்த ஊரும் நினைவில் வைப்பதில்லை.

மழைநாளில் நமக்கு ஒதுங்க இடந்தந்த அம்முதியவர், நாம் விடைபெறும்போது ஒரு கட்டுப் பூண்டைக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். "ஸீஸன்ல வந்திருந்தா வித்திருப்பேன். மழையில வந்தவங்க விருந்தாளி" என்றார். அவர் கணக்கில் அது செலவாக எழுதப்பட்டதோ, வரவாக எழுதப்பட்டதோ, நாமறியோம். அக்கணக்கை எழுதத் தெரிந்த வியாபாரிகள் நம் குடும்பங்களிலும் பெருகுக என்பதே நம் பிரார்த்தனை.